முதலில் பலகை, பிறகே செயலி



ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்து சேர்ந்த சில வாரங்களில் ஒரு கேள்வியும் என்னைத் தேடி வந்துவிடுகிறது. கொச்சிப் பல்கலைக்கழக நிலையத்தில் மெட்ரோ ஏறி, இரண்டாவது நிலையமான இடப்பள்ளியில் இறங்கி, என் அறைக்கு வந்து கேட்கிறார்கள்: “அண்ணா, சொந்தமாக ஒரு கணிப்பொறி கட்டப் போகிறேன். எந்த ப்ராஸசர் வாங்கலாம்?”

கேள்வியே தவறு என்பது என் துணிபு. எந்தப் பலகை என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? மதர்போர்டைத் தமிழில் தாய்ப்பலகை என்கிறோம். தாயை மறந்துவிட்டுப் பிள்ளையைக் கொஞ்சும் காட்சியைக் காண வேண்டுமானால் கணிப்பொறிக் கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டும்!

பிறரைச் சொல்வானேன்? நானும் அப்படித்தான் கொஞ்சினேன். அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் கையில் இருந்தது. நகரத்தில் ஒரு கடைக்குச் சென்றேன். செயலி இன்டெல் ஐ5 13400எஃப் என்று ஊரிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்திருந்தேன். பலகையைப் பற்றி ஒரு நாழிகைகூட எண்ணியதில்லை. கடைக்காரர், “போர்டு ஏதாயாலும் மதி” என்றார். மலையாளத்தில் ‘மதி’ என்றால் போதும் என்று பொருள். தமிழ் மதி எனக்கு அப்போது வேலை செய்யவில்லை. இருப்பதிலே மலிவான எச்610 வகைப் பலகை ஒன்றை வாங்கி வந்தேன்.

இரவெல்லாம் உட்கார்ந்து பூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. திரை இருண்டே கிடந்தது.

திரைக் கம்பியைப் பலகையில் செருகியிருந்தேன். செருகத் துளை இருந்தது. படம் தர ஆளில்லை! பெயரின் கடைசியில் நிற்கும் அந்த ‘எஃப்’ என்ற எழுத்துக்கு, இந்தச் செயலிக்குள் படம் காட்டும் பகுதி இயங்காது என்று பொருளாம். அந்த ஓர் எழுத்தைப் படிக்காதது என் குற்றமே. அறைத்தோழனிடம் கிராபிக்ஸ் கார்டு இரவல் வாங்கிப் பொருத்தினேன். அப்போதும் இருள். பலகை 2022இல் செய்யப்பட்ட பழைய சரக்கு. செயலியோ 2023 சனவரியில் வெளிவந்தது. பலகைக்குள் இருக்கும் பயாஸ் நிரலுக்குத் தனக்குப் பின் பிறந்த செயலியை அடையாளம் தெரியவில்லை. 12ஆம் தலைமுறைச் செயலி ஒன்றை எங்கிருந்தாவது கொண்டு வந்து பொருத்தி, பயாஸைப் புதுப்பித்த பிறகே என்னுடையது உயிர் பெறும். அப்படி ஒன்றை நான் தேடிப் பிடிப்பதற்குள் மூன்று வாரம் போயிற்று. செய்முறைத் திட்டத்தின் முதல் மதிப்பீட்டுக்கு வெறுங்கையோடு போய் நின்றேன். வீட்டில் அம்மா, “பெட்டி நன்றாக ஓடுகிறதா?” என்று தொலைபேசியில் கேட்டபோது, “ஓடுகிறது” என்று பொய் சொன்னேன். செலவான பணத்தைவிட அந்தப் பொய்தான் இன்றும் உறுத்துகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். மின்வழங்கி அனுப்பும் 12 வோல்ட்டைச் செயலி அப்படியே பருகாது. அதற்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு வோல்ட்டுதான். அவ்வாறு இறக்கித் தருவது பலகையின் வேலை. என் செயலியின் அடிப்படை அளவு 65 வாட். முழு மூச்சில் ஓடினால் 148 வாட் வரை இழுக்கும். இறக்கித் தரும் உறுப்புகளின் மேல் வெப்பம் தணிக்கும் உலோகத் தகடுகூட இல்லாத மலிவுப் பலகையில், கொச்சியின் ஏப்ரல் மாதப் புழுக்கத்தில், நெடுநேரக் கணக்கு ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். பலகை சூடேறும், தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். விலை கொடுத்து வாங்கிய வேகம் எங்கே போயிற்று?

அடுத்தது ஆயுள். இன்டெல் 2021இல் எல்.ஜி.ஏ. 1700 என்ற பொருத்துவாயைக் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் 1851 என்ற வேறொன்றுக்கு மாறிவிட்டது. ஏ.எம்.டி.யின் வழி வேறு. 2017இல் வாங்கிய ஏ.எம்.4 பலகைகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்து, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி வரை பொருத்த முடிந்தது. 2022இல் வந்த ஏ.எம்.5 வாயை 2027 வரையேனும் கைவிட மாட்டோம் என்று அந்நிறுவனம் சொல்லியிருக்கிறது. எனவே இன்று புதிதாகக் கட்டும் மாணவனுக்கு நான் சொல்வது: பி650 வகையில் நடுத்தரமான ஏ.எம்.5 பலகை, அதில் ரைசன் 5 7600. படம் காட்டும் சிறு பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குப் போனபின் செயலியை மட்டும் மாற்றலாம்.

“ஏ.எம்.5க்கு டி.டி.ஆர். 5 நினைவகம்தானே வேண்டும், அதன் விலை என்ன தெரியுமா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. செயற்கை அறிவுக் கூடங்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால் 2025 இறுதியில் நினைவக விலை கிடுகிடுவென ஏறியது. வீட்டில் பழைய டி.டி.ஆர். 4 நினைவகம் வைத்திருப்பவன் அதை ஏற்கும் 1700 பலகையோ ஏ.எம்.4 பலகையோ வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போதும் பார்க்க வேண்டியது பலகையைத்தான். 1700 பலகைகளில் டி.டி.ஆர். 4 ஏற்பன வேறு, டி.டி.ஆர். 5 ஏற்பன வேறு. பெயரோ ஒன்றுபோலவே இருக்கும்!

பயாஸ் புதுப்பிப்பு வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் 2024ஐ நினைவுகூர வேண்டும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளில் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டு நாளடைவில் நிலைகுலைந்தன. அந்நிறுவனம் ஆகஸ்டில் மாற்று நிரல் தந்தது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்த மருந்து செயலிக்குப் போய்ச் சேர்ந்தது பலகைகளின் பயாஸ் வழியாக. ஆகவே கடைக்குப் போகுமுன், உங்கள் பலகைக்குக் கடைசியாக எப்போது பயாஸ் வெளியிட்டார்கள் என்று பாருங்கள். செயலி இல்லாமலே பென் டிரைவ் கொண்டு பயாஸை மாற்றும் பொத்தான் உள்ள பலகையானால் இன்னும் நன்று. அந்த ஒரு பொத்தான் என் மூன்று வாரத்தை மீட்டிருக்கும்.

இவ்வூருக்கென்று ஒரு சொல். துலாவர்ஷ மாதங்களில் பிற்பகல் இடி எப்படி விழுகிறது என்பதைக் கேட்டிருப்பீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். வலைக் கம்பி வழியாகவும் மின்னல் பலகைக்குள் நுழையும். இரண்டையும் பிடுங்குங்கள்.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்கு மாலை வாங்கும் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்துப் பழைய ஐ3 12100 செயலி ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள். 1700 பலகை வாங்கிவிட்டு இருண்ட திரைமுன் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு ஒரு மாலைப்பொழுது இரவல் கொடுத்தால் போதும். அதுவரை சனிக்கிழமைகளில் நான் கடைக்குத் துணை வருகிறேன். பேருந்துக் கட்டணம் உங்களுடையது.