மஞ்சள் விளக்கு எரிந்தால், பில் கட்டும் முன் ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்துக்குள் கார் எடுப்பது என்ன பாடு என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். பகல்பத்து தொடங்கி ராப்பத்து முடியும்வரை என் காரை மேலூர் ரோட்டில் தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து வீட்டம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட தில்லைநகர் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் ஏறும்போது டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் சர்வீஸுக்கு விட்டேன். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார்கள். கூலியோடு 9,400 ரூபாய். ஒன்பதாம் நாள் அதே விளக்கு மறுபடி எரிந்தது. திரும்பப் போனேன். இந்த முறை, "கம்ப்யூட்டரையே மாத்த வேண்டி வரும்" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். பென்ஷன்காரனுக்கு அது விளையாட்டுத் தொகை இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பால்பண்ணைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போகச் சொன்னார் ஒரு நண்பர். அவரும் ஸ்கேனர்தான் மாட்டினார். ஆனால் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பி 0135 என்று இருந்தது. "சார், இது சென்சார் போச்சுன்னு சொல்லல. சென்சாருக்குள்ள இருக்கற ஹீட்டரோட லைன்ல கோளாறுன்னு சொல்லுது. ஹீட்டரா இருக்கலாம், ஃபியூஸா இருக்கலாம், கனெக்டரா இருக்கலாம், வயரா இருக்கலாம்." பானெட்டைத் திறந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அரை மணி நேரத்தில் கிடைத்தது. எலி கடித்துப் பாதி அறுந்த வயர். ஒட்டிக்கொண்டிருக்கும்போது எல்லாம் சரி, அதிர்வில் விலகினால் விளக்கு எரியும். ஒட்டுப் போட்டு, மேலே ஸ்லீவ் போட்டு 600 ரூபாய் வாங்கினார். "ஒயருக்கு நூறு, கண்டுபிடிச்சதுக்கு ஐநூறு" என்று சிரித்தார். இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. விளக்கு திரும்ப எரியவில்லை.

யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் 2013க்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 என்ற ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவில் 1996லேயே கட்டாயம் ஆனது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். கோளாறு வந்தால் காரின் கம்ப்யூட்டர் ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட குறியீட்டைப் பதிவு செய்கிறது. பி என்றால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த இலக்கம் பூஜ்யமாக இருந்தால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான குறியீடு. அந்த நேரத்தில் வண்டி என்ன வேகம், இன்ஜின் என்ன சூடு என்பதும் சேர்ந்தே பதிவாகும்.

ஆனால் குறியீடு இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. விடைத்தாளில் ஏழாவது கணக்கு தப்பு என்று சுழித்துவிட்டால் போதுமா? எந்த வரியில் பையன் சறுக்கினான் என்று பார்ப்பதுதான் வாத்தியார் வேலை. குறியீட்டைப் பார்த்தவுடன் பாகத்தை மாற்றுவது, பையனையே மாற்றுவது மாதிரி.

தப்பு நம்மிடமும் இருக்கிறது. புதுப் பாகத்துக்கு ஒன்பதாயிரம் கொடுக்கிறோம், பெட்டியோடு கையில் வாங்கிப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். "கண்டுபிடிக்க ஆயிரம் ரூபாய் ஆகும்" என்று ஒருவர் சொன்னால், சும்மா பார்த்ததற்கா ஆயிரம் என்று கேட்கிறோம். மூளைக்குக் கூலி கிடைக்காத இடத்தில் பாகம் விற்பதுதான் தொழிலாகிவிடும். அப்புறம் மெக்கானிக்கை மட்டும் நொந்து என்ன பயன்?

லேபில் ரத்தப் பரிசோதனை செய்தால் ரிப்போர்ட்டை நம் கையில் கொடுக்கிறார்கள். காரின் ரிப்போர்ட் மட்டும் ஏன் சர்வீஸ் ஆட்களின் கம்ப்யூட்டரிலேயே நின்றுவிட வேண்டும்? வாங்கும் பொருள், சேவையின் தரம், விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. குறியீட்டை எஸ்டிமேட்டிலேயே எழுதித் தருவதை எல்லா சர்வீஸ் சென்டர்களும் வழக்கமாக்க வேண்டும். அது வரும்வரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நான் இப்போது கேட்பவை இவைதான். என்ன குறியீடு வந்தது, எழுதிக் கொடுங்கள். பாகம் மாற்றும் முன் வயர், ஃபியூஸ், கனெக்டர் பார்த்தீர்களா? பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள். காரணம் தெரியாமல் விளக்கை அழிக்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் பல கார்களில் விளக்கு அணையும், கூடவே அந்தப் பதிவும் அழிந்துபோகும். பிறகு தேடுவதற்குத் துப்பு இருக்காது.

இன்னொன்று. மஞ்சள் விளக்கு எரிந்து வண்டி சரியாக ஓடினால் பதறாமல் வீடு வரலாம், ஓரிரு நாளில் காட்டினால் போதும். அதுவே மின்னி மின்னி எரிந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அது பெரிய செலவு. சிவப்பில் எண்ணெய்க் கிண்ணமோ தெர்மாமீட்டரோ தெரிந்தால் உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். டோல்கேட் வரை போய்விடலாம் என்று இழுத்தால் இன்ஜினே போய்விடும். சிவப்பில் பேட்டரி எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். ஏசியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.

எலிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்தே ஆக வேண்டும். வாழைத்தோப்புப் பக்கம், கொள்ளிடக் கரைப் பக்கம் காரை நாள்கணக்கில் நிறுத்துபவர்கள் இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள். நான் பார்க்காததற்கு 9,400 ரூபாய் கட்டணம் கட்டியாகிவிட்டது. நீங்கள் இலவசமாகவே தெரிந்துகொள்ளுங்கள்.