கரடியின் வனத்தில் நாம் அதிதிகள்

நீலகிரியின் சோலைகளையும் தேயிலைச் சரிவுகளையும் கால்நடையாகக் காண வருவோர், அம்மலைகள் கரடியின் பூர்வீக வாசஸ்தலம் என்பதை ஒரு க்ஷணமும் மறத்தலாகாது. கறையான் புற்றில் மூக்கைப் புதைத்து ஏகாக்கிரமாய் உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடி, காலடி ஓசையை எளிதில் உணராது. திடீரென அருகில் மனிதனைக் கண்டதும், குரோதத்தினால் அன்று, பயத்தினாலேயே பாய்கிறது. ஆகையால், இருள் பிரியுமுன்னும் அந்திக்குப் பின்னும் நடவாமல், மூவர் நால்வராய்ச் சேர்ந்து உரக்கப் பேசிக்கொண்டே செல்வதும், எதிர்ப்பட்டால் ஓடாமல் மெல்லப் பின்வாங்குவதும் விவேகம். அதனினும் பெரிய கடமை, தின்பண்ட எச்சத்தை வழியில் எறியாமல் திரும்பக் கொண்டுவருவது. ஏனெனில், மனித உணவின் ருசி கண்ட கரடி வீடுகளை நாடி வந்து, இறுதியில் கூண்டில் அகப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அளித்த அபயத்தை நம் அலட்சியம் பறிக்கலாமா?