பூச்சுக்குள் மறைக்கப்படும் ஆபத்து

2020 மார்ச் மாதம் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதி கிடைத்த பின்னரும், அடுக்கடுக்கான வரிகளால் புதிய வாகனம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. எனவே, கையிலிருக்கும் பழைய வாகனத்தைத் திருத்தித் திருத்திப் பாவிப்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழியில்லை.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கடலை ஒட்டி நீளும் அம்பாறைக் கரையோரத்தில் இந்நிலைமை மேலும் சிக்கலானது. உப்புக் காற்று தகரத்தின் மூட்டுகளுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே சிறு கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே துவாரமே விழுந்திருக்கலாம். துருவை வெட்டியகற்றிப் புதிய தகரம் வைக்காமல் மேலே பூச்சை அப்பினால், அது சில மாதங்களிலேயே மீண்டும் தலைகாட்டும்.

விபத்தில் நசுங்கிய பாகத்தை நிமிர்த்துவதா, மாற்றுவதா என்பது செலவை மாத்திரம் பொறுத்த விடயமன்று. முன்பக்க மட்காட், பொனட், கதவு ஆகியவை கழற்றி மாற்றக்கூடியவை. அவற்றிலுள்ள சிறு நெளிவுகளைத் தட்டி நிமிர்த்துவதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியான சேசிஸ் கிடையாது. முன்பக்க உட்சட்டங்களும் கதவுத் தூண்களுமே மோதலின் வேகத்தைத் தாங்கிப் பயணிகளைக் காக்கின்றன. உயர்வலு உருக்கினால் ஆன இப்பாகங்களை அளவின்றிச் சூடாக்கி வளைத்தால் அவற்றின் பலம் குன்றிவிடும். அதன் மேல் பளபளப்பாக வர்ணம் பூசினாலும், அடுத்த விபத்தில் அந்தப் பளபளப்பு எவரையும் காப்பாற்றாது.

இதற்கு டிங்கரிங் தொழிலாளரை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மாத்திரம் உள்ளவர் தமது வாகனத்தின் சேதத்துக்கு இழப்பீடு பெற முடியாது. முழுச் செலவும் தம் தலையில் விழுவதால், “எப்படியாவது குறைந்த செலவில் முடித்துத் தாருங்கள்” என்று அவரே வற்புறுத்துகிறார். ஆண்டுதோறும் நடைபெறும் புகைப் பரிசோதனையோ புகையை மாத்திரமே அளக்கிறது. உடற்சட்டத்தின் நிலையை அது பார்ப்பதில்லை.

அத்தகைய வாகனம் கைமாறும்போதே அநீதி முழுமையடைகிறது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைக்கப்பட்டிருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை அறியாதவர் எம்மில் இல்லை. பூச்சுக்குள் துருவையும் முறிவையும் மறைத்து விற்பதும் அதே குற்றமே. இங்கு பணத்துடன் உயிரும் பணயம் வைக்கப்படுகிறது.

தொழிலாளரின் நலனும் கவனிக்கப்பட வேண்டியதே. கடினமாக்கி கலந்து விசிறப்படும் வர்ணங்களிலுள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வர்ணம் விசிறுவது பாதுகாப்பாகாது. தகுந்த சுவாசக் கவசம் அவசியமாகும்.

பட்டறையிலேயே தொழில் கற்ற எமது கைவினைஞர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வாய்ப்புண்டு. தொழிற்பயிற்சி நிறுவனங்கள் இவ்வாய்ப்பைக் கரையோரப் பட்டறைகளின் வாசலுக்கே கொண்டுசெல்லுதல் வேண்டும். எந்தப் பாகம் நிமிர்த்தப்பட்டது, எது மாற்றப்பட்டது, எங்கே வெல்டிங் செய்யப்பட்டது என்பவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் உருவாக வேண்டும். வாகனம் வாங்குபவர்கள் அச்சீட்டைக் கேட்டுப் பெறுவதுடன், ஒரு சிறு காந்தத்தையும் எடுத்துச் செல்வது நல்லது. தகரத்தின் மேல் பூச்சு தடிப்பாக உள்ள இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

எழுதிக் கொடுக்கும் பட்டறைக்கு வேலை குறையும் என அஞ்சத் தேவையில்லை. எழுத்தில் உள்ள வேலையை நம்பித்தான் ஒரு குடும்பம் அந்த வாகனத்தில் ஏறுகிறது. அந்த நம்பிக்கையே இத்தொழிலின் உண்மையான மூலதனமாகும்.