தின்னர் டப்பாவும் அப்பாவோட சான்ட்ரோவும்

கோவத்தோட எழுதுறேன் மக்களே. காரம் கொஞ்சம் தூக்கலா இருந்தா பொறுத்துக்கோங்க.

ஆவடியில எங்க வீட்டு வாசல்ல ஒரு பழைய சான்ட்ரோ நிக்குது. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில தயாராகி, ஷாருக் கான் விளம்பரத்துல வந்து நின்னுச்சே, அந்த உயரமான மாடல். அப்பா டேங்க் ஃபேக்டரியில வேலை பார்த்தவர். 2001-ல பி.எஃப். லோன் போட்டு வாங்கினார். அவர் இப்ப இல்லை. வண்டி இருக்கு. அதை வாங்கினப்ப இருந்த மாதிரி ஆக்கணும்னு ஒரு ஆசை, அவ்வளவுதான்.

அம்பத்தூர் பக்கம் ஒரு ஷெட்டுல விட்டேன். பேர் வேண்டாம், ஏன்னா இது ஒரு ஷெட்டோட கதை இல்லை. மூணாம் நாள் போய்ப் பார்த்தா, சைடு மிரர் கவர் ரெண்டும் வெயில்ல வெச்ச பாப்பின்ஸ் மாதிரி கொழகொழன்னு கிடக்கு. பெயிண்ட் ரிமூவரைத் தடவி ஊற விட்டிருக்காங்க! கேட்டா, "பழைய பிளாஸ்டிக் சார், தாங்கல. புதுப்பேட்டைல வேற எடுத்துக்கலாம்."

பிளாஸ்டிக் தாங்கலையாம். ஏங்க, பிளாஸ்டிக் என்ன தப்பு பண்ணுச்சு?

எல்லா பிளாஸ்டிக்கும் ஒண்ணு இல்லை. பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். மிரர் கவர், கிரில் எல்லாம் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பாகத்தைத் திருப்பிப் பார்த்தா ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல பிபி, ஏபிஎஸ்னு அச்சு இருக்கும். அதைப் படிக்க அஞ்சு செகண்ட் போதும். அச்சு அழிஞ்சிருந்தா, உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலையில பஞ்சுல ஒரு சொட்டு அசிட்டோன் வைங்க. ஏ.பி.எஸ்.னா பிசுபிசுக்கும். பாலிபுரோப்பிலீன் கண்டுக்கவே கண்டுக்காது. ரிமூவரும் என்.சி. தின்னரும் ஏ.பி.எஸ்.ஸையே கரைக்கும். பெயிண்டைக் கரைக்க ஊத்தி, பாகத்தையே கரைச்சா அதுக்குப் பேர் வேலையா?

"அப்ப ஹீட் கன்?"னு கேட்பீங்க. அந்தக் காத்து சர்வ சாதாரணமா 300 டிகிரியைத் தாண்டும். ஏ.பி.எஸ். 100 டிகிரி பக்கத்துலயே தளர ஆரம்பிச்சிடும். மிச்சத்தை நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

இன்னொரு கோஷ்டி பிரேக் ஆயில்ல ஊற வைக்கச் சொல்லுது. பொம்மைக் கார் பெயிண்டுக்கு அது சரி. கம்பெனியில அடிச்ச, ஹார்டனர் கலந்த 2கே பெயிண்டுகிட்ட அது லேசுல பலிக்காது. மிச்சம் நிக்கிற எண்ணெய்ப்பசை அடுத்த கோட்டிங்கையும் கெடுக்கும்.

சரி, என்னதான் வழி? சொல்றேன். ரொம்பப் பழைய வழிதான்: கை, தண்ணி, வாட்டர் பேப்பர்.

முதல்ல சோப்பு போட்டுக் கழுவணும். கிரீஸ், பாலிஷ் எல்லாம் போகணும். அப்புறம்தான் தேய்க்கணும். 320-ல ஆரம்பிச்சு 400, 600. அதைவிட முரட்டுப் பேப்பர் போட்டா பாலிபுரோப்பிலீன் நார் நாரா எழும்பும். வேகமா மெஷின் ஓட்டினா சூட்டுல இளகும். அதனால தண்ணி விட்டு, நிதானமா.

இன்னொரு ரகசியம். பல பேர் இதுல ஏமாறுறாங்க. பழைய பெயிண்ட் கெட்டியா ஒட்டியிருந்தா முழுசா உரிக்கவே வேண்டாம். மேல சொரசொரப்பு வர்ற அளவுக்குத் தேய்ச்சா போதும். கம்பெனி பிரைமரைவிட நல்ல அடித்தளத்தை நம்மால போட முடியாது. உரியுற இடத்தை மட்டும் எடுத்து, ஓரத்தைப் பள்ளமேடு தெரியாம சமப்படுத்தணும். வெறும் பாலிபுரோப்பிலீன் வெளிய வந்துட்டா, அதுக்குன்னு இருக்கிற பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கோட். அதுல எதுவுமே லேசுல ஒட்டாது. ரோட்டுல பாதி வண்டிங்க பம்பர்ல தோல் உரிஞ்ச பாம்பு மாதிரி பெயிண்ட் தொங்குதே, ஏன்? அந்த ஒரு கோட்டை முழுங்கிட்டாங்க, அதான்.

இப்ப என் உண்மையான கோவத்துக்கு வர்றேன். கவர் போனா போகட்டும். அந்த ரிமூவரைத் தடவினது ஒரு சின்னப் பையன். கையில கிளவுஸ் இல்லை, மூக்குல ஒண்ணும் இல்லை, ஷட்டர் பாதி இறக்கின ஷெட்டு. ரிமூவர் பலதுல இருக்கிற டைகுளோரோமீத்தேன் மூச்சு வழியா உள்ள போனா, உடம்பு அதைக் கார்பன் மோனாக்ஸைடா மாத்துது. அமெரிக்காவுல 2019-ல இதைப் பொதுமக்களுக்குப் பெயிண்ட் ரிமூவரா விக்கக் கூடாதுன்னு தடுத்தாங்க. 2024-ல பெரும்பாலான தொழில் உபயோகத்துக்கும் தடை விதிச்சாங்க. இங்க ஒரு பையன் அதை வெறுங்கையால தடவிட்டு, அதே கையால டீ கிளாஸைத் தூக்குறான். மிரர் கவருக்குப் புதுப்பேட்டை இருக்கு. அவன் நுரையீரலுக்கு?

"தேய்க்கிறதுக்கு அரை நாள் ஆகும் சார், அந்தக் கூலியை யாரு தருவா?"ன்னார் ஓனர். பதில் சொல்ல வாய் வரலை. ஏன்னா, முதல் நாள் அவர்கிட்ட ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசி ஜெயிச்சது நான்தான். மால்ல போட்ட விலையை மூச்சு விடாம கொடுப்போம். கை வேலை செய்றவன்கிட்ட மட்டும் நமக்குக் கணக்கு சுத்தமா இருக்கும். நாம குறைச்ச அந்த ஐந்நூறுதான் கிளவுஸா, மாஸ்க்கா, அரை நாள் பொறுமையா வந்திருக்கணும். ஷெட்காரர் குறுக்கு வழியில போனார், சரி. அந்த வழிக்குத் தள்ளிவிட்டது யாரு?

அப்பா ஒண்ணு சொல்வார்: "என்ன உலோகம்னு தெரியாம அரம் வைக்காதே." பிளாஸ்டிக்குக்கும் அதே சட்டம்தான்.

பம்பரை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். நாலு ஞாயித்துக்கிழமை, மொட்டை மாடி, ஒரு பக்கெட் தண்ணி. மூணு வாரம் முடிஞ்சது. கை காய்ச்சுப் போச்சு, ஆனா பம்பர்ல ஒரு கீறல் இல்லை. அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்க அதே ஷெட்டுக்குத்தான் போறேன். பேரம் பேச மாட்டேன். ஒரே ஒரு கண்டிஷன்: அந்தப் பையனுக்கு முதல்ல மாஸ்க்கும் கிளவுஸும்.

டிஸ்கி: "பழைய டப்பாவுக்கு இவ்ளோ அலப்பறையா?"ன்னு கேக்குறவங்க, உங்க அப்பா வாங்கின வண்டியை ஒரு தடவை நினைச்சுப் பார்த்துட்டுக் கேளுங்க.