கதைப் புத்தகம் பீரோவுக்குள் இருந்தால் பிள்ளை எப்படி வாசிக்கும்?

உங்கள் வீட்டில் மூணாவது படிக்கிற பிள்ளை இருக்கிறதா? பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடம் என்றால் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள், பாதி மனப்பாடம். புதுப் பக்கத்தில்தான் விஷயம் வெளியே வரும். 2022 ஏசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பகுதியை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 4.8 சதவிகிதம்தான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தது ஒரு காரணம். ஆனால், 2018-லேயே அது 10 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருந்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்', அடுத்த ஆண்டு 'வாசிப்பு இயக்கம்'. நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் குட்டிக் குட்டிக் கதைப் புத்தகங்கள். பேரே நல்லா இருக்குல்ல?

'எழுத்து சொல்லிக்கொடுத்தா போதாதா, கதை எதுக்கு?' என்று கேட்கலாம். எழுத்து கட்டாயம் வேண்டும். படத்தைப் பார்த்து ஊகிப்பது வாசிப்பு ஆகாது. ஆனால், தமிழில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வீட்டில் 'பூனை ஓடிப்போச்சு' என்று பேசும் பிள்ளைக்குப் புத்தகத்தில் 'ஓடிவிட்டது' என்று இருக்கிறது. 'வந்தாங்க' அங்கே 'வந்தார்கள்'. எழுத்துக்கூட்டி முடித்தாலும், காதில் கேட்டுப் பழகாத சொல் மனசில் ஒட்டாது. டீச்சர் தினமும் பத்து நிமிடம் ஒரு கதையை ரசித்து, உரக்க வாசித்தால் எழுத்துநடை முதலில் காது வழியே போய்விடும். பிறகு அதே புத்தகத்தைப் பிள்ளை கூட்டி வாசிக்கும்போது, சொல்லோடு பொருளும் சேர்ந்து வரும்.

நடப்பது என்ன? 'கிழிஞ்சா யார் கணக்குச் சொல்றது?' என்று பல இடங்களில் புத்தகம் பீரோவுக்குள் போய்விடுகிறது. வெளியே வந்தாலும், கதை முடிந்த கையோடு 'நீதி என்ன, நோட்ல எழுது' என்கிறார்கள். அதோடு கதையும் இன்னொரு பாடமாகிவிடும். ஆசிரியரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒரே ஆள் இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிற பள்ளிகளில் அந்தப் பத்து நிமிடமே பெரிய விஷயம்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். மார்க் பற்றி அப்புறம் பேசிக்கலாம். கதைப் புத்தகங்கள் பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா? கிழிந்தால் டீச்சர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானம் போட முடியுமா? தனியார் பள்ளி என்றால், லைப்ரரி பீரியடில் என்ன நடக்கிறது என்று உங்கள் பிள்ளையிடமே விசாரியுங்கள்.