வீட்டோடு ஒரு வனவாசம்

ஸ்ரீ ராமபிரான் வனவாசம் புறப்பட்டபோது மரவுரி தரித்துக் கொண்டு கிளம்பினார். அரண்மனையைக் கூட அழைத்துச் செல்லவில்லை. இந்நாளில் அமெரிக்காவின் தேசீய வனங்களுக்கு யாத்திரை செல்வோரில் பலர் வீட்டையே கூட்டிக் கொண்டு போகிறார்கள். "ஆர்.வி." என்று அவர்கள் சொல்லும் வீட்டு மோட்டாரில் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் உண்டு. பெரிய வண்டிகளின் நீளம் 40 அடியையும் தாண்டும். நின்ற இடத்தில் பொத்தானை அழுத்தினால், சுவரே வெளியே நகர்ந்து கூடம் விசாலமாகிறது!

பரிகாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. முழங்கால் வலியுள்ள பாட்டனாரும், கைக்குழந்தையை ஏந்திய தாயும் மலையையும் அருவியையும் காண்பதற்கு இவ்வண்டி பேருதவி புரிகிறது. ஆனால் வனத்தின் வாசலை அடைந்ததும் அளவுகோல் குறுக்கே வந்து நிற்கிறது.

மாண்டானா ராஜ்யத்திலுள்ள கிளேசியர் வனத்தில், சூரியனை நோக்கிச் செல்லும் சாலை என்று பொருள்படும் பெயருடன் ஒரு மலைப்பாதை 1933-ல் திறக்கப்பட்டது. அதன் மேற்பகுதியில் 21 அடி நீளத்துக்கோ, பக்கக் கண்ணாடிகள் உட்பட 8 அடி அகலத்துக்கோ மிஞ்சிய வண்டிக்கு அனுமதி இல்லை. யோஸெமிட்டி பள்ளத்தாக்கில் வீட்டு மோட்டாரின் எல்லை 40 அடி. தங்குமிடங்களில் மின்சார இணைப்பும் இல்லை, குழாய் இணைப்பும் இல்லை. சொந்த மின்சார யந்திரத்தை ஓட்டலாமென்றால் காலை, நண்பகல், மாலை இரண்டிரண்டு மணி நேரம்தான்.

1872-ல் ஏற்பட்ட யெல்லோஸ்டோனில் மட்டும் ஒரு வேடிக்கை. அங்கே "பிஷிங் பிரிட்ஜ்" என்னுமிடத்தில் குடிநீர், மின்சாரம், சாக்கடை ஆகிய மூன்று இணைப்புகளும் உண்டு. கரடிகளின் நடமாட்டம் காரணமாகத் துணிக் கூடாரம் அங்கே கூடாது. கெட்டிச் சுவருள்ள வண்டிகளுக்கே இடம்!

மற்ற இடங்களில் ஏன் இத்தனை கண்டிப்பு? பணமில்லாத குறையா? இல்லை. மோட்டார் பெருகிய 1920-களில் கலிபோர்னியாவின் ரெட்வுட் தோப்புகளுக்குள் ஜனங்கள் மரத்தடி வரையில் வண்டியைச் செலுத்தினார்கள். மண் இறுகிற்று, வேர்கள் நலிந்தன. இதை ஆராய்ந்த தாவர நோய் நிபுணர் மைனெக்கி, 1930-களின் தொடக்கத்தில் ஒரு யோசனை கூறினார். ஒரு வழியாகச் சுற்றி வரும் பாதை. அதிலிருந்து கிளைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு நிறுத்துமிடம். வண்டி விலகாமல் ஓரத்தில் பாறையும் மரக்கட்டையும். 1933 முதல் 1942 வரை வேலை செய்த வனச் சேவைப் படையின் இளைஞர்கள் இம்முறையில் எத்தனையோ தங்குமிடங்களை அமைத்தார்கள். அன்றைய சிறு வண்டிகளுக்கு அவை போதுமாயிருந்தன. வண்டி வளர்ந்து விட்டது; மரமோ வேரூன்றிய இடத்திலேயே நிற்கிறது.

இப்பொழுது மரத்தை வெட்டிப் பாதையை அகலமாக்க வேண்டுமென்று கேட்பது நியாயமாகுமா? தேசீய வனங்களுக்கென்று தனி இலாகாவை நிறுவிய 1916-ம் வருஷச் சட்டம், வருங்காலச் சந்ததியார்க்கு வனத்தைக் குறைவின்றி விட்டுச் செல்ல வேண்டுமென்று விதிக்கிறது. இன்னும் பிறவாத பேரனுக்கும் அம்மரத்தில் பங்குண்டு. ஆகையால் இவ்விஷயத்தில் நாம் மரத்தின் கட்சி.

அதற்காகப் பாட்டனாரை வாசலிலேயே நிறுத்தி விடலாகாது. ஜையான் வனத்தில் 2000-ம் ஆண்டு முதல் இலவச பஸ்கள் ஓடுகின்றன. வீட்டை வெளியே நிறுத்தி விட்டு, பஸ்ஸில் ஏறிப் பள்ளத்தாக்கைக் கண்குளிரக் காணலாம். இத்தகைய வசதி பெருகுவதே உசிதம்.

பெரிய வண்டியோடு கிளம்பும் நேயர்கள், முன் கம்பி முதல் பின் கம்பி வரை, கண்ணாடிகளையும் சேர்த்து, வண்டியை அளந்து கொள்ளட்டும். பின்னால் ஒரு சிறு காரை இழுத்துச் சென்றால் மலைப்பாதைக்கு உதவும். இடம் பதிவு செய்யும்போது அவ்விடத்தின் நீளத்தையும் விசாரிக்க வேண்டும். இருட்டிய பிறகு, 40 அடி வீட்டை மரங்களுக்கிடையே பின்னோக்கி ஓட்டுவது இல்லற அமைதிக்கு உகந்ததன்று.