கடன் கொடுத்தவர்களுக்கா கொடை?

பிரிட்டனின் எம்-1 நெடுஞ்சாலையின் முதல் பகுதி 1959-ல் திறக்கப்பட்டது. லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா பாதை 1968-ல் ஓடத் துவங்கியது. இரண்டுக்கும் மண் வெட்டியவர்களில் கணிசமானோர் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த இளைஞர்கள். அவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் 80 வயதைத் தாண்டியவர்கள். பலர் மணமாகாதவர்கள்; லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் ஒற்றை அறைகளில் தனியே காலம் தள்ளுகிறவர்கள்.

இவர்களுக்காக நிதி திரட்டும் அமைப்புகளில் ஒன்று அயர்லாந்து நிதியம். அதன் பிரிட்டன் கிளை இந்த வேலைக்கு வைத்த பெயர் 'மறக்கப்பட்ட ஐரிஷ்காரர்கள்'. பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. மறந்தது யார்?

நிதியத்தின் கதை துவங்கியது அமெரிக்காவில். 1976-ல் டோனி ஓ'ரெய்லி என்ற ஐரிஷ் தொழிலதிபரும், பிட்ஸ்பர்க் கால்பந்து அணியை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த டான் ரூனியும் சேர்ந்து அதை நிறுவினார்கள். வட அயர்லாந்தில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத காலம் அது. அமெரிக்க ஐரிஷ்காரர்களின் பணத்தில் ஒரு பகுதி ஆயுதத்துக்குப் போவதாகப் புகார் இருந்தது. அமைதி, பண்பாடு, அறப்பணி ஆகியவற்றுக்கு அதைத் திருப்புவதே நோக்கம். கென்னடியும் டி வலேராவும் 1963-ல் துவக்கிய அறக்கட்டளை 1987-ல் இதனுடன் இணைந்தது. இதுவரை நிதியம் திரட்டியிருப்பது 60 கோடி டாலருக்கும் மேல்.

ஆக, வெளிநாட்டில் வசதியாக வாழ்கிறவன் தாய்நாட்டுக்குக் கொடுப்பது என்பதே முதல் கணக்கு. பிரிட்டனில் கணக்கு தலைகீழானது. வெளியே போனவனே கை நீட்ட வேண்டிய நிலையில் இருந்தான்.

இந்த நிலை எப்படி வந்தது? 1951-க்கும் 1961-க்கும் இடையே அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அப்போது அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 28 லட்சம்தான். பெரும்பாலோர் போனது பிரிட்டனுக்கு. பெண்கள் மருத்துவமனைகளில் நர்சுகளானார்கள். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். பலருக்குக் கூலி ரொக்கமாகக் கையில் கிடைத்தது. வரி இல்லை, காப்பீட்டுச் சந்தா இல்லை. இளமையில் அது லாபமாகத் தெரிந்தது. முதுமையில் ஓய்வூதியம் கேட்கப் போனபோதுதான் விலை புரிந்தது. ஏட்டில் அவர்கள் உழைத்த வருடங்களே இல்லை.

ஆனால் அனுப்பிய பணம் ஏட்டில் இருக்கிறது. 1961-ல் மட்டும் வெளிநாட்டிலிருந்து அயர்லாந்துக்கு வந்த பணம் சுமார் 1 கோடியே 35 லட்சம் பவுண்டு. அந்த ஆண்டு நாட்டின் ஆரம்ப, இடைநிலைக் கல்விக்கான மொத்தச் செலவுக்கு ஏறக்குறைய சமம். ஒரு தலைமுறையின் பள்ளிக்கூடச் செலவையே பள்ளம் தோண்டியவர்கள் ஏற்றார்கள் என்று சொன்னாலும் பெரிய தவறில்லை.

1990-களில் அயர்லாந்து பணக்கார நாடாயிற்று. 1990-ல் ஜனாதிபதியான மேரி ராபின்சன் புலம்பெயர்ந்தவர்களின் நினைவாகத் தன் மாளிகை ஜன்னலில் விளக்கேற்றி வைத்தார். அழகான செயல்தான். ஆனால் விளக்கு வாடகை கட்டாது. பிரிட்டனிலுள்ள ஐரிஷ் சேவை அமைப்புகளுக்கு 1984 முதலே அரசு மானியம் இருந்தது, தொகைதான் சிறியது. 2003 இறுதியில் இந்த முதியவர்களின் அவலத்தை ஐரிஷ் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு காட்டிய பிறகே நாடு வெட்கப்பட்டது. 2004-ல் புலம்பெயர்ந்தோர் ஆதரவுத் திட்டம் வந்தது. 2014-ல் இதற்கென ஓர் அமைச்சரும் வந்தார்.

அரசு விழித்துக்கொண்ட பிறகு அறக்கொடை எதற்கு? காரணம் இருக்கிறது. கிழவர்கள் ரோஷக்காரர்கள். அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்று படிவம் நிரப்பச் சொன்னால் பலர் வரமாட்டார்கள். ஆனால் மேயோ மாவட்டத்து உச்சரிப்பில் யாராவது பெயர் சொல்லி அழைத்தால் மதிய உணவுக்கு வந்து உட்காருவார்கள். லண்டன் கேம்டனில் 1954 முதல் இயங்கும் ஐரிஷ் மையம் போன்ற இடங்களுக்கு இது தெரியும். உணவு, உடன் பேச ஒருவர், படிவத்தை நிரப்பித் தர ஒருவர். கேட்கச் சிறிய உதவிகள்; உயிரைப் பிடித்து வைப்பவை. ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு மேயோவின் மல்ரானியில் 2000-ல் துவங்கிய 'சேஃப் ஹோம்' அமைப்பு வீடு தேடித் தருகிறது. திரும்ப விரும்பாதவர்களும் உண்டு. பெற்றோர் போய்விட்டார்கள், வீடு இடிந்துவிட்டது. யாரைப் பார்க்கத் திரும்புவது?

எனினும் கொடையை மட்டும் நம்ப முடியாது. நிதியத்தை நிறுவிய ஓ'ரெய்லி ஒரு காலத்தில் அயர்லாந்தின் பெரும் செல்வந்தர். 2015-ல் திவாலானவராக அறிவிக்கப்பட்டார். பணக்காரரின் செல்வம் ஏறும், இறங்கும். கிழவரின் வாடகை மாதா மாதம் வரும். அந்தச் சுமை அரசின் தோளில்தான் இருக்க வேண்டும். கொடையாளர் செய்யக்கூடியது, அரசின் கை எட்டாத மூலைக்குப் போவது.

அங்கே போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. இது பிச்சையல்ல, வட்டியில்லாமல் திரும்பும் பழைய கடன். 1955-ல் 18 வயதில் கப்பலேறியவருக்கு இப்போது 90-ஐ நெருங்குகிறது, அல்லது தாண்டிவிட்டது. கடன்பட்டவர்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கலாம். கொடுத்தவர்களுக்கு இல்லை.